இலை பார்க்க ஒரு டிக்கெட்

"இலை பாக்குறதுக்கு டிக்கெட்டா?"

டோக்கியோவுக்கு முன்பதிவு செய்துவிட்டேன் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். விமான டிக்கெட்டை அவர் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் நுழைய 300 யென் என்று நான் கைத்தொலைபேசியில் படித்துக் காட்டினேன், அதைத்தான் கேட்டார். நம் காசுக்கு மூன்று வெள்ளிகூட வராது என்றேன். அவருக்குக் கணக்கு அது இல்லை.

"31 வருஷம் இலையக் கூட்டுனதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப நான் காசு குடுத்து இலையப் பாக்கணுமா?"

என் அப்பா துப்புரவு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வரியை இப்படி நேராக எழுத எனக்கு 34 வயது ஆகவேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற நவம்பர் கடைசியில் அப்பாவும் நானும் ஐந்து இரவுகள் டோக்கியோவில் இருந்தோம். அம்மாவுக்குக் குளிர் ஆகாது. பேரப்பிள்ளைகள்தான் முக்கியம் என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். திரும்பி வந்து என் மாலை நிகழ்ச்சியில் பயணத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். அன்றிலிருந்து நேயர்களின் குறுஞ்செய்திகள் நிற்கவில்லை. எப்போது போகவேண்டும், எங்கே போகவேண்டும், வயதானவர்களை அழைத்துப் போகலாமா, சைவம் கிடைக்குமா? இரண்டு பாட்டுக்கு நடுவே மூன்று நிமிடத்தில் இதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் "எப்போது". பள்ளி விடுமுறை நமக்குச் சாதகமாக விழுகிறது. ஜப்பானில் இலை நிறம் மாறுவது வடக்கிலிருந்து தெற்கே இறங்கிவரும். ஹொக்கைடோ மலைகளில் செப்டம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிடும். டோக்கியோ நகருக்கு வந்துசேர நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம் ஆகிவிடும். சக்குரா இதற்கு நேர்மாறு, தெற்கிலிருந்து வடக்கே ஏறும். என் தோழி ஒருத்தி அக்டோபர் நடுவில் டோக்கியோ போய், பச்சைப் பசேலென்ற மரங்களைப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். பாவம், தவறு அவளுடையது இல்லை. 'ஜப்பானில் இலையுதிர்காலம் அக்டோபர்' என்று எங்கோ படித்திருக்கிறாள். அது நிக்கோ மாதிரி மலைப்பகுதிகளுக்குப் பொருந்தும், நகரத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. அந்த நாட்களில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஏழு மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நாம், காலையில் மெதுவாகக் கிளம்பி, மதியம் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் பாதி நாள் போய்விடும். இலையின் நிறம் வெயில் அதன் வழியாக ஊடுருவும்போதுதான் தெரியும். ஆகவே காலை எட்டு மணிக்கே வெளியே இருங்கள். இந்த விஷயத்தில் அப்பா எனக்குத் தொல்லையே கொடுக்கவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து, சட்டை, ஸ்வெட்டர், குல்லாய் சகிதம் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

முதல் காலை மெய்ஜி ஜிங்கு கயென். அவோயாமா இச்சோமே ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. சாலையின் இரு பக்கமும் நான்கு வரிசையாக 146 கின்கோ மரங்கள், ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்கு. ஒரு கலப்பும் இல்லாத மஞ்சள். மேலேயும் மஞ்சள், காலடியிலும் மஞ்சள். நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதை அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன்.

எல்லாரும் நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். ஊடகம் படித்தவளுக்கு எந்த இடத்தைப் பார்த்தாலும் சட்டகம்தான் முதலில் தெரியும். அப்பா படத்துக்கு நிற்காமல் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி கடைசிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"முன்னாடி நிக்கிறதெல்லாம் ஒசரம். உள்ள போகப்போகக் குட்டை. தானா வளந்தது இல்ல இது. வெட்டியே அப்படி வச்சிருக்கான்."

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கோடியில் இருக்கும் ஓவியக் கூடம் இன்னும் தூரத்தில், இன்னும் கம்பீரமாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே மரங்களை உயரம் குறைந்துகொண்டே போகும்படி கத்தரிக்கிறார்கள். நட்டது 1923ல். நூறாண்டாக யாரோ ஒருவர் ஏணி வைத்து ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எல்லாம் பழுப்பு," என்றார் அப்பா. எனக்கு முதலில் புரியவில்லை. பழுப்பு என்றால் என் தலைமுறைக்குக் காக்கி மாதிரி ஒரு நிறம். அப்பாவுக்கு அது பழுத்த இலை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று விரல் மடக்கிச் சொன்னார். தமிழில் ஆறு பருவங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதில் இலை உதிர்வதற்கென்று ஒரு பருவம் கிடையாது. ஆனால் உதிரும் இலைக்குத் தனிப்பெயர் இருக்கிறது என்பதை டோக்கியோவில் வைத்துத்தான் கேட்டுக்கொண்டேன்.

கின்கோவில் ஒரு சங்கடம் உண்டு. பெண் மரத்தின் பழம் கீழே விழுந்து நசுங்கினால் தாங்க முடியாத வாடை வரும். காலணியில் ஒட்டிக்கொண்டால் ஹோட்டல் அறை வரை கூடவே வரும். ஆனால் அதே பழத்தின் கொட்டைதான் நம் அங்காடி நிலையங்களில் தியோசியூ மக்கள் செய்யும் ஓர்னீ என்ற சேம்புக் களியில் மஞ்சளாக மேலே வைத்திருப்பது. அப்பாவுக்கு அது மிகவும் பிடிக்கும். அந்தக் கொட்டைக்கும் இந்த நாற்றத்துக்கும் உள்ள உறவைச் சொன்னபோது, இந்தப் பயணத்திலேயே அவர் அதிகம் வியந்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பிறகும் சில கின்கோ மரங்கள் பிழைத்துத் துளிர்த்தன என்றேன். அதற்கு அவர் வியக்கவில்லை. "மரம்னா அப்படித்தான்," என்றார்.

இந்த இடத்தைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். கயென் வட்டாரத்தையே இடித்துக் கட்டும் பெரிய திட்டம் நடக்கிறது. கின்கோ வரிசைகளை விட்டுவைப்பதாகச் சொல்கிறார்கள். சுற்றியுள்ள பல மரங்கள் வெட்டப்படுகின்றன. இசையமைப்பாளர் ரியூயிச்சி சக்காமோத்தோ 2023ல், தான் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, இதை நிறுத்தச் சொல்லி டோக்கியோ ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அடிமரம் ஒன்றைத் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டுவது போல.

மறுநாள் ரிக்குகியென். யாமானொத்தே வட்டப்பாதையில் கொமாகொமே நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிடம்கூட நடக்கவேண்டாம். 1702ல் ஷோகுனின் நம்பிக்கைக்குரிய யனகிசாவா யோஷியாசு என்ற பிரபு அமைத்த தோட்டம். பழைய கவிதைகளில் வரும் 88 காட்சிகளைக் குளமும் குன்றும் பாலமுமாகச் செய்துவைத்தார். பிறகு மிட்சுபிஷி நிறுவனரின் குடும்பத்திடம் இருந்து, 1938ல் நகரத்துக்கு வந்துசேர்ந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 150 யென்தான். அப்பாவுக்கு 68. "கெழவனுக்கு இலை பாதி வெல," என்று சிரித்தார்.

கின்கோ மஞ்சள் என்றால் இங்கே மேப்பிளின் சிவப்பு. ஜப்பானியர்கள் மொமிஜி என்கிறார்கள். கைக்குழந்தையின் உள்ளங்கையை இந்த இலைக்கு ஒப்பிடுவது அவர்கள் வழக்கம். மேப்பிளுக்கு இன்னொரு பெயர் காயெதே, 'தவளைக் கை' என்பதிலிருந்து வந்தது. இலை பார்க்கப் போவதற்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், மொமிஜிகாரி. 'காரி' என்றால் வேட்டை.

இலை ஏன் சிவக்கிறது என்று நேயர் ஒருவரின் மகள் கேட்டிருந்தாள். பச்சையம் இருக்கும்வரை அதுதான் மற்ற நிறங்களை மறைத்துக்கொண்டிருக்கும். குளிர் வந்து, காலை வெப்பநிலை 8 டிகிரிக்கும் கீழே போகும் நாட்களில் மரம் கடை கட்ட ஆரம்பிக்கும். பச்சையம் சிதைந்துபோகும். கின்கோவில் உள்ளேயே இருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரியும். மேப்பிளின் கதை வேறு. அதன் சிவப்பு அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. காம்பின் அடியில் ஒரு தடுப்பு வளர்ந்து, இலை தயாரித்த சர்க்கரை கிளைக்குத் திரும்பிப் போகமுடியாமல் அங்கேயே தங்கிவிடும். அதிலிருந்துதான் சிவப்புச் சாயம் வருகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர் என்றால் சிவப்பு கொழிக்கும்.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம கெத்தாப்பாங்கும் சிவக்குமே. அதுக்கு ஏது குளிரு?" என்றார். கெத்தாப்பாங் என்பது வாதா மரம், நம் கடற்கரைகளிலும் புளோக் ஓரங்களிலும் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்பது. வருடத்தில் இரண்டு முறை மொத்தமாகச் சிவந்து கொட்டும். பிள்ளைகள் அந்தச் சருகைப் பொறுக்கிச் சண்டை மீன் தொட்டியில் போடுவார்கள். கூட்டுவதற்குச் சுலபமான இலை அதுதானாம். பெரியது, சத்தம் போடும், ஓடி ஒளியாது. தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள்தான் எமன். மழை பெய்துவிட்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அங்சானா பூத்தால் ஒரே நாளில் தரை மஞ்சளாகிவிடும். எல்லாரும் அழகு என்பார்கள். அன்றைக்கு அவருக்கு இரட்டை வேலை.

இப்படிப் பேசிக்கொண்டே வந்தவர் குளத்தோரம் நின்றுவிட்டார். தலையில் துண்டு கட்டிய ஒருவர் நீளமான மூங்கில் துடைப்பத்தால் பாதையைக் கூட்டிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் குளத்தில் தெரியும் சிவப்பு நிழலைப் படமெடுத்தார்கள். அப்பா துடைப்பத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்திருப்பார்.

"பாத்தியா? பாதைய மட்டும் கூட்டுறாரு. பாசி மேல கெடக்குறதத் தொடல."

உண்மைதான். பச்சைப் பாசி மேல் விழுந்த சிவப்பு இலைகளை அப்படியே விட்டிருந்தார். உதிர்ந்து கிடக்கும் மொமிஜியைப் பார்ப்பதும் ரசனையில் சேர்த்தி. அதற்கும் தனிப் பெயர் உண்டு, சிரிமொமிஜி.

"எங்களுக்கெல்லாம் ரெண்டு இலை கெடந்தாலே போட்டோ புடிச்சுப் புகார் அனுப்பிடுவாங்க," என்றார். குரலில் கசப்பு இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலை நிலைமையை ஒப்பிட்டுப் பார்க்கும் தொனிதான்.

பக்கத்தில் ஒரு பலகை இருக்கையில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் சொன்னார்.

நான் உயர்நிலை ஒன்றில் படித்தபோது, பள்ளிக்கு அருகில் இருந்த பேருந்து நிறுத்தத்தில் ஒரு கெத்தாப்பாங் நின்றது. ஒரு நாள் மதியம் மூன்று தோழிகளோடு நின்றிருந்தேன். அப்பா அந்த மரத்தடியில் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த வட்டாரம் அவருக்கு அப்போதுதான் கொடுக்கப்பட்டிருந்தது, எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பேருந்து எண்ணைப் படிப்பதுபோல் சாலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தோழிகளிடம் என் அப்பா பூங்காவில் அதிகாரி என்று சொல்லியிருந்தேன். மறுபடி பார்த்தபோது அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக் கூட்டிக்கொண்டிருந்தார். அன்று இரவு வழக்கம்போல் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டார். அதன்பிறகு அந்த நிறுத்தத்தில் அவரை நான் பார்க்கவே இல்லை. வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

"மாத்தலாம் இல்ல," என்றார் ரிக்குகியென் குளத்தைப் பார்த்தபடி. "சூப்பர்வைசர்கிட்டக் கேட்டு அந்தப் பக்கத்த விடியக்காலையிலயே முடிச்சிடுவேன். மத்தியானம் நீ வர்ற நேரத்துக்கு புளோக் பின்னாடி போயிடுவேன்."

"எத்தன வருஷம்ப்பா?"

"நீ அந்த ஸ்கூல விட்டுப் போற வரைக்கும்."

நான்கு வருடங்கள்.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? ஒனக்குச் சங்கடம். எனக்கு வெயிலு. காலையில முடிச்சா வெயிலும் இல்ல."

நாள்தோறும் மைக்கின் முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். வானொலியில் இரண்டு விநாடி மௌனம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் பதறுவார்கள். அங்கே எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பசிக்குது, போலாமா?" என்று எழுந்துவிட்டார். மாலையில் ஒளியூட்டும் காட்சிக்காகத் திரும்பி வருவதாக இருந்தோம். தனி டிக்கெட். போகவில்லை.

மூன்றாம் நாள் தக்காவோ மலை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். ஷின்ஜுக்குவிலிருந்து கெயோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மலையடிவாரத்துக்கே போய் இறங்கலாம். உயரம் 599 மீட்டர்தான். முட்டிவலிக்காரர்கள் பாதி மலைக்குக் கேபிள் ரயிலில் ஏறிவிடலாம். ஜப்பானிலேயே மிகச் செங்குத்தான கேபிள் ரயில், ஓரிடத்தில் 31 டிகிரி சாய்வு. 744ல் நிறுவப்பட்ட யாக்குவோயின் கோயில் வழியில் வரும். நீண்ட மூக்கு வைத்த தெங்கு சிலைகள் காவல் நிற்கும். வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து ஃபூஜி தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. வார இறுதியில் போகாதீர்கள், கேபிள் ரயிலுக்கே ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க நேரிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை, அப்பா சைவம். மலையின் புகழ்பெற்ற உணவு சோபா நூடல்ஸ், மேலே துருவிய கிழங்கு. பார்க்கச் சைவம்தான். ஆனால் சூப் பெரும்பாலும் மீன் சாற்றில் செய்தது, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நாங்கள் முன்கூட்டியே கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ஒரு மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குப்பைத்தொட்டி எங்குமே கிடையாது. குப்பையை அவரவர் பையில் திரும்ப எடுத்துப் போகவேண்டும். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு வெகுவாகப் பிடித்துப்போனது.

ஏறும்போதே கேபிள் ரயிலில் சொல்லிவிட்டேன். "மன்னிச்சுக்கங்கப்பா."

"எதுக்கு?" என்றார். பெட்டி செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் சேர்ந்து 'ஓ' என்றார்கள். "ஓ, அதுவா. கம்பியப் புடி."

மீதி இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகள் இருந்தால் தச்சிகாவாவில் உள்ள ஷோவா கினென் பூங்கா. ஒரு காலத்தில் அமெரிக்க விமானத் தளமாக இருந்து 1983ல் பூங்காவானது. கின்கோ மரங்களும் ஜப்பானியத் தோட்டமும் இருக்கின்றன, ஓடி விளையாடவும் இடமிருக்கிறது. நேரம் குறைவு என்றால் ஷின்ஜுக்கு கியோயென், திங்கட்கிழமை மூடியிருக்கும். கொய்ஷிகாவா கொராக்குயென் 1629லேயே தொடங்கிய தோட்டம். தோக்கியோ டோம் அரங்கின் கூரை மரங்களுக்கு மேலே வெள்ளையாக எட்டிப் பார்ப்பது சிலருக்கு உறுத்தும், எனக்குப் பிடித்தது. அக்டோபரில்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் நிக்கோ போகலாம். 48 வளைவுகள் கொண்ட இரோஹாசாக்கா மலைப்பாதையும் 97 மீட்டர் கெகொன் அருவியும் பிரமாதம். போக்குவரத்து நெரிசலும் அப்படியே. வாந்தி வருகிறவர்கள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு காலைக்கு ஒரு தோட்டம் போதும்.

நான் வானொலியில் சேர்ந்த புதிதில் ஒரு பேட்டியில் பெற்றோரைப் பற்றிக் கேட்டார்கள். "அப்பா பூங்காப் பராமரிப்பில் இருந்தார்" என்றேன். பொய் என்று சொல்லமுடியாத பொய். அதைக் கேட்ட நேயர்களில் சிலர் இதையும் படிப்பார்கள். இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"பேரப் போடாத. வேலையப் போட்டுக்க."

பிப்ரவரியில் இரண்டு வாரம் மழையே இல்லை. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நடுவே அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள கெத்தாப்பாங். உச்சியிலிருந்து அடிக்கிளை வரை செப்புச் சிவப்பு, பின்னால் காலை வெயில். அவர் விரலும் ஓரத்தில் விழுந்திருந்தது. கீழே குரல்பதிவு.

"வேல முடிஞ்சு வந்தா கீழ வந்து பாரு. ரெண்டு நாள்ல கொட்டிடும். டிக்கெட் கெடையாது."